பழைய ஓவியத்திலும் தோல்பாவையிலும் உள்ள புரதத்தைச் சேதமில்லாமல் சோதிப்பது எப்படி: பெங்களூரில் தொடங்குபவர்களுக்கு

வீட்டில் தாத்தா காலத்துத் தஞ்சாவூர் ஓவியம் ஒன்று இருக்கிறது. அல்லது ஒரு தோல்பாவை, எலும்புப் பிடி போட்ட கத்தி, ஓரம் செல்லரித்த பட்டுத்துணி. இது எந்த விலங்கின் தோல், இதில் போட்டிருக்கும் பசை என்ன, முட்டையா, பாலா, வஜ்ஜிரமா (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) என்று தெரிய வேண்டும். சரிசெய்ய வந்தவரே "பசை என்னவென்று தெரிந்தால்தான் ஈரம் வைக்கலாமா என்று சொல்ல முடியும்" என்று சொல்லியிருக்கலாம். இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

நான் ஒரு சிறிய அறக்கட்டளையின் சேகரிப்பைக் கவனித்துக்கொள்கிறேன். பெரும்பாலும் தோல்பாவைகள், கூடவே சில ஓவியங்கள். பெங்களூரில் புரதத்தை அலசும் அருமையான கருவிகள் இருக்கின்றன. பழைய பொருள்களைக் கையாளத் தெரிந்த கன்சர்வேட்டர்களும் இருக்கிறார்கள். ஆனால் இருவரும் ஒரே இடத்தில் இல்லை. கருவி வைத்திருப்பவர்கள் நாள் முழுவதும் உடல் செல்களையும் ரத்தத்தையும் பார்ப்பவர்கள். ஓவியம் பார்ப்பவர்களிடம் அந்தக் கருவி இல்லை. நடுவில் ஓடி இரண்டு பக்கத்தையும் இணைக்க வேண்டியது பொருளை வைத்திருக்கும் நாம்தான். அந்த ஓட்டத்தில் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

புரதச் சோதனை இரண்டு விஷயம்தான் சொல்லும்: என்ன புரதம், எந்த உயிரினத்திலிருந்து வந்தது. ஓவியம் எந்த வருஷத்தது, யார் வரைந்தது, அசலா போலியா என்பதை அது சொல்லாது. விற்பதற்குச் சான்று வேண்டும் என்று இந்த வழிக்கு வராதீர்கள்.

அடுத்து, உங்கள் பொருளில் புரதம் இருக்க வாய்ப்பு உண்டா என்று யோசியுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். பலாப்பலகைமேல் துணியை ஒட்ட புளியங்கொட்டைப் பசை, புடைப்பு வேலைக்குச் சுக்கான் மாவுடன் பிசின், அதன்மேல் தங்க ரேக்கு என்பது வழக்கம். பிசின் என்பது பெரும்பகுதி சர்க்கரைச் சங்கிலி. புரதச் சோதனையில் அது கிட்டத்தட்ட மௌனமாக இருந்துவிடும். "புரதம் கிடைக்கவில்லை" என்று அறிக்கை வந்தால் பசையே இல்லை என்று பொருள் கிடையாது. பிசினைக் கண்டுபிடிக்க, சர்க்கரைகளைப் பிரித்துப் பார்க்கும் வேறு சோதனை கேட்க வேண்டும். புளியங்கொட்டையில் கணிசமான புரதம் உண்டு, ஆனால் அதற்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. அதை 7-ஆம் படியில் சொல்கிறேன்.

தோல்பாவை இதற்கு நேர்மாறு. பொருள் முழுவதுமே கொலாஜன், அதாவது தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம். அதுவும் பாவைக்கான தோலைப் பொதுவாகப் பதனிடாமல், முடி நீக்கிச் சுரண்டி, வெளிச்சம் ஊடுருவும்படி காயவைத்திருப்பார்கள். கடுக்காயோ ஆவாரம்பட்டையோ போட்டுப் பதனிட்ட செருப்புத் தோலைவிட இது சோதனைக்கு நன்றாக ஒத்துழைக்கும். எதில் தொடங்குவது என்று தெரியாதவர்கள் தோல், எலும்பு, பழைய தோல்சுவடி இவற்றில் தொடங்குங்கள். ஓவியம் கடைசியில்.

செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு இருக்கிறதா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கலாம். ஆனால் சுண்ணாம்பின் காரம் புரதத்தைச் சிதைக்கும். கிடைத்தால் ஆதாரம். கிடைக்காவிட்டால் முட்டை போடவே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

2. தொடாமல் தெரிவதையெல்லாம் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நல்ல வெளிச்சத்தில் முன்புறம், பின்புறம், ஓரங்கள் என்று படம் எடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து இன்னொரு முறை. அப்புறம் இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், கண்ணுக்கு அதற்குரிய கண்ணாடி போட்டுக்கொண்டு. பிற்காலத்தில் பூசிய வார்னிஷ், ஒட்டுப்போட்ட இடம், மேலே தீட்டிய வண்ணம் இவை பெரும்பாலும் தனியாகத் தெரியும். எங்கிருந்து மாதிரி எடுக்கக் கூடாது என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கன்சர்வேட்டர் வழியாகக் கிடைத்தால், பொருளைத் தொடாமலே செய்யும் அகச்சிவப்புப் பிரதிபலிப்புச் சோதனையும் கேளுங்கள். "ஏதோ புரதம் இருக்கிறது" என்றுவரை அது சொல்லும். முட்டையா, வஜ்ஜிரமா என்று பிரித்துச் சொல்லாது. அங்கேயே புரதத்தின் அடையாளம் இல்லை என்றால், மாதிரி எடுக்கும் திட்டத்தை மறுபடி யோசிப்பது நல்லது.

3. காகித வேலை

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. 100 வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருள்கள் இதன்கீழ் தொல்பொருள். வரலாற்று, இலக்கிய, கலை மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கு 75 வருஷமே போதும். ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் போன்ற சில வகைகளைத் தனியார் வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பத்தோடு பொருளின் படங்களும் போக வேண்டும், ஆகவே 2-ஆம் படியில் எடுத்தவை இங்கேயும் உதவும். பெங்களூரில் இருப்பவர்கள் கோரமங்கலா கேந்திரிய சதனில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வெளிநாட்டில் தெரிந்த ஆய்வாளர் ஒருவர் "ஒரு துணுக்கு அனுப்புங்கள், இலவசமாகப் பார்த்துத் தருகிறேன்" என்பார். அனுப்பாதீர்கள். தொல்பொருளை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை. ஊசிமுனை அளவு துணுக்கும் அந்தப் பொருளின் பகுதிதான் என்று எடுத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு. துறையிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அதைவிடச் சுலபமான வழி, கருவி ஓட்டத்தை இங்கேயே முடித்துவிட்டு, கிடைக்கும் தரவுக் கோப்பை மட்டும் வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்புவது. படிக்கத் தெரிந்தவருக்கு அதுவே போதும்.

தோல், எலும்பு, தந்தம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு, 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பழைய பாவைகளில் மான்தோல் இருப்பது அதிசயமில்லை. சோதனை முடிவு "மான்" என்று வந்தபிறகு உரிமைச் சான்று தேடுவது பெரும் தலைவலி. மாதிரி எடுக்கும் முன்பே, உங்களிடம் என்ன ஆவணம் இருக்கிறது என்று விவரம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

இவை தவிர, ஒரு கோப்பில் இருக்க வேண்டியவை: உரிமையாளரின் ஒப்புதல் கடிதம், பொருளின் இப்போதைய நிலைபற்றிய குறிப்பு, எந்த இடத்தில் எவ்வளவு எடுக்கப்போகிறோம் என்று குறித்த படம். ஒப்புதல் கடிதத்தில் "மிச்சமுள்ள மாதிரி உரிமையாளருக்கே திரும்பத் தரப்படும்" என்ற வரி இருக்கட்டும்.

4. கன்சர்வேட்டர் இல்லாமல் கைவைக்காதீர்கள்

மாதிரி எடுப்பது ஆய்வகத்தின் வேலை இல்லை, உங்கள் வேலையும் இல்லை. கலை, பண்பாட்டு மரபைக் காக்கும் இன்டாக் அமைப்பு, சித்ரகலா பரிஷத் கலை நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய கலைப் பாதுகாப்பு மையம் பெங்களூரில் பலருக்கும் முதல் கதவு. கஸ்தூர்பா சாலையில் உள்ள மேப் அருங்காட்சியகத்திலும் பாதுகாப்புக்கென்று தனி ஆய்வகம் இருக்கிறது. மைசூரில் தேசியக் கலைப்பொருள் பாதுகாப்பு ஆய்வகத்தின் மண்டலப் பிரிவு உண்டு. யாரிடம் போனாலும், கருவி வைத்திருப்பவரிடம் பேசும் முன்பே இவர்களில் ஒருவரைப் பிடித்துவிடுங்கள்.

5. மாதிரி எடுக்கும் முறைகள்

குறைந்த சேதத்திலிருந்து கூடுதலை நோக்கி வரிசையாகச் சொல்கிறேன். முதல் முறையே போதுமென்றால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

பொருள் இருந்த பிளாஸ்டிக் பை. இதை நம்பவே முடியாது, ஆனால் உண்மை. எலும்புப் பொருள் ஒரு பையில் நெடுநாள் உரசிக்கொண்டிருந்தால், உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் நுண்துகளிலிருந்தே கொலாஜனைப் படிக்க முடிந்திருக்கிறது. ஆகவே பழைய உறையைத் தூக்கி எறியாதீர்கள்.

ரப்பர். தோல்சுவடிகளுக்காக இங்கிலாந்தின் யார்க் நகர ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட முறை இது. பிவிசி ரப்பரால் லேசாகத் தேய்த்தால் உரசலில் எழும் நிலைமின்சாரம் கொலாஜன் துகள்களை இழுத்துக்கொள்ளும். உதிரும் ரப்பர்ப் பொடிதான் மாதிரி. பொருளிலிருந்து எதையும் வெட்டுவதில்லை. எங்கள் பாவைகளில் இதைச் செய்தபோது நடந்தது இப்படித்தான்: தோள்பட்டை மூட்டில் கயிறு கட்டும் துளைக்குப் பக்கத்தில், சாயம் எட்டாத ஒரு விரல்நுனி இடம். கன்சர்வேட்டர் புது ரப்பரின் வெளிப்புறத்தைப் புதிய பிளேடால் சீவி எறிந்துவிட்டு, உள்ளிருந்த வெள்ளை முனையால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தார். முதலில் உதிர்ந்தது கறுத்த பொடி. அது தலைமுறைகளின் கைப்பிசுக்கும் விளக்குப் புகையும். அதைத் தனிக் குழாயில் போட்டார். பொடி வெளுக்கத் தொடங்கியதும் அடுத்த குழாய். சோதனைக்குப் போக வேண்டியது இரண்டாவது குழாய்.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. கடையில் "பிவிசி இல்லாதது" என்று எழுதிய ரப்பர்கள் இப்போது அதிகம், அட்டையைப் படித்து வாங்குங்கள். வண்ணத்தின்மேலோ மையின்மேலோ பொடிந்துபோன தோலின்மேலோ தேய்க்கவே கூடாது. ஈரக்காற்றில் நிலைமின்சாரம் சரியாக நிற்காது, அதனால் பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் வசதி. மழைக்காலத்தில்தான் முடியும் என்றால் ஈரப்பதம் குறைத்த அறை கேளுங்கள்.

நொதி ஏற்றிய தாள். ஓவியங்களுக்கு இத்தாலிய ஆய்வாளர்கள் 2018-இல் காட்டிய வழி. புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதியை ஒரு மெல்லிய தாளில் பதித்து, சிறிதே ஈரப்படுத்தி, பரப்பின்மேல் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கிறார்கள். வெட்டுப்பட்ட துண்டுகள் தாளோடு வந்துவிடும். அழகான யோசனை. ஆனால் ஈரம் தாங்காத பிசின் வண்ணத்தில் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தஞ்சாவூர், மைசூர் ஓவியங்கள் பெரும்பாலும் அந்த வகை.

நுண்துணுக்கு. மேலே சொன்ன எதுவும் சரிப்படாதபோது, உருப்பெருக்கியின்கீழ், ஏற்கெனவே உதிர்ந்திருக்கும் இடத்தின் ஓரத்திலிருந்தோ சட்டம் மறைக்கும் விளிம்பிலிருந்தோ, ஒரு முற்றுப்புள்ளி அளவு. அதைவிடப் பெரிதாக யாராவது கேட்டால் ஏன் என்று கேளுங்கள். இன்றைய கருவிகளுக்கு மைக்ரோகிராம் கணக்கு போதும். முகத்திலிருந்தும் தங்க ரேக்கிலிருந்தும் எடுக்கச் சம்மதிக்காதீர்கள், எவ்வளவு பெரிய நிபுணர் கேட்டாலும்.

6. கலப்படம்: பாதித் தோல்வி இங்கேதான்

கருவிக்கு 200 வருஷத்து முட்டையும் ஒன்றுதான், காலையில் பேக்கரியில் நீங்கள் சாப்பிட்ட முட்டை பப்ஸும் ஒன்றுதான். கை, தலைமுடி, கம்பளிச் சால்வை, பட்டுப்புடவை எல்லாமே புரதம். லேடெக்ஸ் கையுறையிலும் ரப்பர் மரத்தின் புரதம் இருக்கும், ஆகவே நைட்ரைல் கையுறைதான். பருத்தி உடை, தலையில் தொப்பி, முகக்கவசம். மாதிரி எடுக்கும் மேசையில் தயிர்சாத டப்பா வேண்டாம்.

நம் வீடுகளுக்கே உரிய கலப்படம் ஒன்றும் உண்டு. பூஜையறையில் இருந்த ஓவியத்தில் பால், தயிர், பஞ்சாமிர்தம் தெறித்திருக்கும். அதன் மேல்பரப்பில் பால்புரதம் கிடைத்தால் ஓவியர் பாலில் வண்ணம் குழைத்தார் என்று எழுதிவிடுவார்கள். அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்: "பாட்டி, இந்தப் படம் எங்கே மாட்டியிருந்தது? எதைப் போட்டுத் துடைப்பீர்கள்?" பதிலை அப்படியே எழுதி ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பழைய பழுதுபார்ப்புகளும் அப்படித்தான். உடைந்த பலகையை ஆசாரி வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருந்தால் அறிக்கையில் மாட்டுக் கொலாஜன் வரும்.

இதற்கெல்லாம் ஒரே காவல் வெற்று மாதிரி. அதே ரப்பரை பொருளில் தேய்க்காமல் சீவி ஒரு குழாய், எதுவுமே போடாமல் ரசாயனம் மட்டும் ஊற்றி ஒரு குழாய். இவை இரண்டும் உங்கள் மாதிரியோடு ஒரே நாளில், ஒரே கருவியில் ஓட வேண்டும். ஒரு ஆய்வகம் எங்களுக்கு அனுப்பிய முதல் அறிக்கையில் பட்டியலின் மேல்பாதி முழுக்க மனிதத் தோலின் கெரட்டின், கீழே மாட்டுக் கொலாஜன். வெற்று மாதிரியை அவர்கள் ஓட்டவே இல்லை, கேட்டபோது அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அந்தக் கொலாஜன் பாவையிலிருந்து வந்ததா, குழாயிலிருந்து வந்ததா என்று இன்றுவரை சொல்ல வழியில்லை.

7. ஆய்வகத்தைப் பிடிப்பது, செலவு, காலம்

ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள சி-கேம்ப் ஆய்வு நிறுவனம், கட்டணத்துக்கு வெளியாருக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (வெட்டிய புரதத் துண்டுகளின் நிறையை அளந்து அடையாளம் காணும் சோதனை) செய்து தருகிறது. இந்திய அறிவியல் கழகத்திலும் கருவிகள் உண்டு. நாடு முழுவதும் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்து முன்பதிவு செய்ய ஐ-ஸ்டெம் இணையதளம் இருக்கிறது. கல்வி நிறுவனத்தவருக்கு ஒரு விலை, மற்றவர்களுக்குக் கூடுதல் விலை என்பது பல இடங்களில் வழக்கம். நீங்கள் தனிநபர் என்றால், கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்ப்பது செலவையும் குறைக்கும், கதவையும் திறக்கும்.

எந்தக் கருவி வேண்டும் என்பதை நீங்களே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "எந்த விலங்கின் தோல்" என்பது மட்டும் கேள்வி என்றால் மால்டி-டாஃப் கருவி போதும். ஸூம்ஸ் என்று பெயர் பெற்ற இந்தக் கொலாஜன் கைரேகை முறை மலிவு, ஓட்டம் சில நிமிடத்தில் முடியும். பசையா முட்டையா பாலா என்ற கலவைக் கேள்விக்கு, திரவத்தில் பிரித்து நிறை பார்க்கும் எல்சி-எம்எஸ் வேண்டும். ஒரு மாதிரிக்கு ஒன்றிரண்டு மணிநேரம் ஓடும், விலையும் அதற்கேற்ப.

செலவைக் கணக்கிடும்போது மாதிரி ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு இடத்து மாதிரி, இரண்டு வெற்று மாதிரி, ஆக நான்கு ஓட்டம். தயாரிப்புக் கட்டணம், ஓட்டக் கட்டணம், தரவு அலசும் கட்டணம் மூன்றும் தனித்தனியா, சேர்த்தா என்று கேளுங்கள். மேலே 18 சதவீத ஜிஎஸ்டி வரும். விலைப்பட்டியலை எழுத்தில் வாங்காமல் மாதிரியைக் கொடுக்க வேண்டாம்.

காலம்: டிரிப்சின் வேலை செய்ய 37 டிகிரியில் ஓர் இரவு, அடுத்த நாள் கருவி. வேலை என்னவோ அவ்வளவுதான். வாரக்கணக்கில் இழுப்பது வரிசைதான். நிதியாண்டு முடியும் மார்ச்சில் கூட்டம் அதிகம். பிப்ரவரியில் மாதிரி எடுத்து உலர்வாகக் குழாயிலேயே வைத்திருந்து, வரிசை குறைந்ததும் கொடுங்கள், ரப்பர்ப் பொடி கெட்டுப்போகாது.

ஆய்வகத்தாருக்குச் செல் புரதம் பார்த்துப் பழக்கம். அதனால் கீழே உள்ளதைக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள்:

- கொலாஜனில் புரோலின் ஏராளமாக ஹைட்ராக்ஸி வடிவத்தில் இருக்கும். தேடலில் அந்த மாற்றத்தைச் சேர்க்காவிட்டால் எதிரே இருக்கும் கொலாஜனே தெரியாமல் போகும்.
- பழைய புரதத்தில் ஆஸ்பரஜினும் குளுட்டமினும் அமைடை இழந்திருக்கும். அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.
- தேடும் தரவுத்தளம் மனிதனோடும் எலியோடும் நிற்கக் கூடாது. ஆடு, மாடு, மான், கோழி, மீன், பட்டுப்புழு, தாவரங்கள் வேண்டும். நான் சொன்ன புளியங்கொட்டைச் சிக்கல் இதுதான். பட்டியலில் புளி இல்லாவிட்டால் அதன் புரதம் வேறொரு பயறு வகையின் பெயரில் வரும், அல்லது வரவே வராது.
- பட்டு என்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள். பட்டின் புரதமான ஃபைப்ரோயின் வழக்கமான கரைசலில் எளிதில் கரையாது.

8. அறிக்கையைப் படிப்பது

முதலில் வெற்று மாதிரியின் பட்டியலைப் பாருங்கள். அதில் இருப்பதை உங்கள் மாதிரியின் பட்டியலில் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதில், ஒரு புரதத்துக்கு அதற்கே உரிய துண்டுகள் குறைந்தது இரண்டு இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒற்றைத் துண்டை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

விலங்கின் பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். வெள்ளாட்டையும் செம்மறியையும் பிரிக்க நம்பகமான அடையாளம் உண்டு: ஒரு கொலாஜன் துண்டின் நிறை செம்மறியில் 3033, வெள்ளாட்டில் 3093. ஆனால் அதே 3033 மாட்டிலும் வரும், அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. மாட்டையும் எருமையையும் கொலாஜனில் பிரிப்பது கடினம். "மாட்டு இனம்" என்று வந்தால் அப்படியே பதியுங்கள். அதற்குமேல் ஊகித்து எழுத வேண்டாம்.

எதிர்பாராதது வந்தால் உடனே தள்ளிவிடவும் வேண்டாம். டென்மார்க்கின் 19-ஆம் நூற்றாண்டு ஓவியங்களின் அடிப்பூச்சில் ஈஸ்டும் பார்லியும் கிடைத்தன. பீர் வடித்த மிச்சத்தைத் துணியில் பூசியிருக்கிறார்கள் என்று 2023-இல் எழுதினார்கள். வெற்று மாதிரி சுத்தமாக இருந்ததால்தான் அதை நம்ப முடிந்தது.

மூலத் தரவுக் கோப்புகளைக் கட்டாயம் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் சேமியுங்கள். பத்து வருஷம் கழித்து நம் ஊர் மான்களுக்கும் புளிக்கும் நல்ல தரவுத்தளம் வரும்போது, பொருளைத் தொடாமலே அந்தக் கோப்பை மறுபடி தேடலாம். மிச்சக் குழாய்களில் பொருளின் எண், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதிப் பொருளின் கோப்போடு வையுங்கள். கறுத்த பொடி இருக்கும் முதல் குழாயையும் சேர்த்துத்தான்.